நெஞ்சமே சான்றாக: இமாம் கஸ்ஸாலியின் தன்னுரையும் சமய அனுபவ எழுத்தைச் சுவைக்கும் முறையும்

தோற்றுவாய்

இலக்கியத்தைப் பிறரைப் பற்றியது, தன்னைப் பற்றியது என இருவகையாகப் பகுத்துக் காணலாம். காப்பியமும் வரலாறும் பிறரைப் பற்றியன. தன்வரலாறு, நாட்குறிப்பு, கடிதம், முனாஜாத்து முதலியன தன்னைப் பற்றியன. இவ்விரண்டாம் வகையுள்ளும், ஒருவர் தம் உள்ளத்தில் இறைநம்பிக்கை வேர்கொண்டவாற்றையும் அது தளர்ந்தவாற்றையும் மீண்டும் தழைத்தவாற்றையும் தாமே எழுதுவது தனியொரு துறையாகும். இதனைச் ‘சமய அனுபவ எழுத்து’ என ஈண்டு வழங்குவோம். இவ்வெழுத்தை எங்ஙனம் படிப்பது, எங்ஙனம் மதிப்பது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இப்பொருளை யாம் எடுத்துக்கொண்டமைக்கு ஒரு காரணம் உண்டு. அதனை மறைத்தல் முறையன்று. பல்லாண்டுகளுக்கு முன்னர், எம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர் ஒரு நோட்டுப் புத்தகத்தைத் தந்து சென்றார். தந்தையாரை இழந்தபின் தொழுகையில் மனம் நில்லாமல் அலைந்ததையும், பள்ளிவாசலின் வரிசையில் நின்றுகொண்டே ‘யாரை அழைக்கின்றேன்?’ எனத் தமக்குள் வினவிக்கொண்டதையும், ஒருநாள் வைகறையில் பாங்கோசை கேட்டுக் காரணமறியாது அழுததையும் அவர் எழுதியிருந்தார். யாம் செய்தது என்ன? சிவப்பு மைப் பேனாவை எடுத்தோம். ஒற்று மிகும் இடங்களையும் மிகா இடங்களையும் சுட்டினோம். ஒருமை பன்மை மயக்கத்தைத் திருத்தினோம். ஈற்றில், ‘தொழுகையை விடாதீர்’ என ஓர் அறிவுரையும் வரைந்து கொடுத்தோம். அவர் பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “ஐயா, இதை நான் திருத்தத் தரவில்லை, படிக்கத் தந்தேன்” என்றார். அதன்பின் அவர் எழுதிய எதனையும் எம்மிடம் காட்டவில்லை.

படிப்பதற்கும் திருத்துவதற்கும் இடையே உள்ள வேறுபாட்டை அன்று எமக்கு உணர்த்தியவர் அம்மாணவர். அதனை விளங்கவைத்த நூலோ ஏறத்தாழத் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் அரபு மொழியில் யாத்த ‘அல்முன்கிது மினள் ளலால்’ என்பதே அந்நூல். ‘வழிகேட்டினின்றும் மீட்பது’ என்பது அப்பெயரின் பொருள்.

ஆசிரியரும் நூலும்

‘இஹ்யாவு உலூமித்தீன்’ என்னும் பெருநூலால் இமாம் கஸ்ஸாலி நம் மக்களுக்கு நன்கு அறிமுகமானவர். அதன் பகுதிகள் தமிழில் சிறு நூல்களாக வெளிவந்து இல்லந்தோறும் படிக்கப்பெற்றன. ஆயினும், அவ்வறிஞர் தம்மைப் பற்றித் தாமே எழுதிய சிறு நூலை அறிந்தோர் நம்முள் சிலரே.

இமாம் அவர்கள் குராசான் நாட்டின் தூஸ் நகரில் 1058ஆம் ஆண்டு (ஹிஜ்ரி 450) பிறந்தார்கள். நீஷாப்பூரில் இமாமுல் ஹரமைன் என்று போற்றப்பெற்ற ஜுவைனீ அவர்களிடம் பயின்றார்கள். செல்ஜூக்கியர் அரசின் அமைச்சர் நிழாமுல் முல்க் 1091இல் அவர்களைப் பக்தாது நகரின் நிழாமிய்யாக் கல்லூரிக்குத் தலைமை ஆசிரியராக அமர்த்தினார். அக்காலத்தே அறிஞர் ஒருவர் அடையக்கூடிய பதவிகளுள் அதனினும் உயர்ந்தது அரிது. முந்நூறு மாணவர் தம்மிடம் பயின்றதாக அவர்களே குறிப்பிடுகின்றார்கள். இத்தகைய உயர்நிலையில் இருந்தவர் 1095ஆம் ஆண்டில் அனைத்தையும் துறந்து வெளியேறினார். ஏன் வெளியேறினார் என்பதைப் பத்தாண்டுகளுக்கு மேல் கழிந்தபின், ஐம்பது வயதைக் கடந்த நிலையில் எடுத்துரைப்பதே ‘அல்முன்கிது’.

இந்நூல் தொடங்கும் முறையே கருதத்தக்கது. மார்க்கச் சகோதரர் ஒருவர் தம்மிடம் கேட்ட வினாவுக்கு விடையாக இதனை எழுதுவதாக இமாம் கூறுகின்றார்கள். கேட்பார் ஒருவர் இருக்கின்றார். அவர்தம் தேவைக்காகவே வாய்திறக்கின்றார்கள். ஆகவே இது தம்மைக் காட்டும் எழுத்தன்று. பிறர்க்குக் கைகொடுக்கும் எழுத்து.

ஐயத்தின் வரலாறு

நூலின் முற்பகுதி ஐயத்தைப் பற்றியது. எது உறுதியான அறிவு என்னும் வினாவை இமாம் எழுப்பிக்கொள்கின்றார்கள். ஐம்புலன்களை நம்பலாமா? நிழலைக் கண் காண்கின்றது. அது நின்றுகொண்டிருப்பதாகவே சொல்கின்றது. சற்று நேரம் சென்று நோக்கினால், அது இம்மி இம்மியாக நகர்ந்துகொண்டே இருந்திருக்கின்றது என்பது புலனாகும. விண்மீன் ஒரு பொற்காசின் அளவினதாகத் தோன்றுகின்றது; கணித நூலோ அது நிலவுலகினும் பெரிது என நிறுவுகின்றது. எனவே கண் பொய்த்தது. கண்ணைப் பொய்யாக்கியது அறிவு. இனி அறிவைப் பொய்யாக்கும் மற்றொன்று அதற்கு அப்பால் இருத்தல் கூடாதா? கனவில் கண்டவை கனவு நிகழுங்கால் மெய்யாகவே தோன்றுகின்றன, விழித்தபின் பொய்யாகின்றன. இந்த விழிப்புக்கும் மேற்பட்ட ஒரு விழிப்பு இருக்குமாயின்?

இந்நிலையில் ஏறத்தாழ இரண்டு மாதங்கள் தாம் இருந்ததாக இமாம் எழுதுகின்றார்கள். அந்நோயினின்றும் தம்மை மீட்டது வாதமோ சான்றோ அன்று; இறைவன் தம் நெஞ்சில் இட்ட ஓர் ஒளியே என்கின்றார்கள்.

‘ஹுஜ்ஜத்துல் இஸ்லாம்’, அதாவது இஸ்லாத்தின் சான்று என மக்கள் போற்றிய ஒருவர், ‘எனக்கும் ஐயம் வந்தது’ என எழுதுவது எளிய செயலன்று. மறைத்திருந்தால் அவர்தம் பெருமைக்கு ஒரு குறையும் நேர்ந்திராது. எழுதியதனால் பின்வந்த எத்தனையோ உள்ளங்களுக்கு, ‘ஐயம் எழுந்ததனாலேயே நாம் கெட்டொழிந்தோம் அல்லோம்’ என்னும் ஆறுதல் கிட்டியது. அவர்கள் ஐயத்தைப் பாராட்டவில்லை என்பதும் உளங்கொளத்தக்கது. அதனை நோய் என்றே கூறுகின்றார்கள். நோயை நோய் என்றும், அது தமக்கு வந்தது என்றும் ஒருங்கே சொல்வதில்தான் நேர்மை உள்ளது.

நா அடைத்த நாள்

ஐயம் தீர்ந்தபின் உண்மை தேடுவோரை நான்கு கூட்டத்தாராக வகுத்து ஆராய்கின்றார்கள். கலாம் எனும் சமயத் தருக்கத்தார், மெய்யியலார், மறைபொருள் கொள்கையினரான பாத்தினிய்யாக்கள், ஸூஃபியாக்கள் என்போர் அந்நால்வர். முதல் மூவரிடத்தும் முழு நிறைவு காணாமல் நான்காமவரிடம் வந்தபோது ஓர் உண்மை புலப்படுகின்றது. உடல்நலம் என்பதன் இலக்கணத்தை அறிதல் வேறு, நலமுடன் இருத்தல் வேறு. நோயுற்ற மருத்துவன் நலத்தின் இலக்கணத்தை அறிவான். நலம் மட்டும் அவனிடம் இராது. அதுபோல், துறவின் இலக்கணத்தை அறிந்திருத்தல் துறவு ஆகாது. ஸூஃபியாக்களின் நூல்களைப் படித்து அறியக்கூடியவை அனைத்தையும் அறிந்துவிட்டோம். எஞ்சியிருப்பது நடந்து அறிய வேண்டியதே எனத் தெளிகின்றார்கள்.

அத்தெளிவோடு தம்மை நோக்குகின்றார்கள். தாம் கற்பிப்பது இறைவனுக்காகவா? இல்லை, பதவியும் புகழுமே தம்மை இயக்குகின்றன எனக் காண்கின்றார்கள். இடிந்து விழும் கரையின் விளிம்பில் நிற்பதாக உணர்கின்றார்கள். காலையில் மறுமையை நாடும் உறுதி பிறக்கின்றது. மாலையில் ஆசை படையெடுத்து வந்து அதனைக் கலைத்துவிடுகின்றது. ஒரு காலை முன்வைப்பதும் மறு காலைப் பின்வைப்பதுமாக, ஹிஜ்ரி 488 ரஜப் மாதம் தொடங்கி ஏறத்தாழ ஆறு திங்கள் கழிகின்றன.

ஈற்றில் அவர்கள் முடிவெடுக்கவில்லை, உடல் முடிவெடுத்தது. நா அடைத்துக்கொண்டது. மாணவர்களின் மனம் நோகாதிருக்க ஒரு நாளேனும் பாடம் சொல்ல முயன்றும், ஒரு சொல்லும் வெளிவரவில்லை. துயரத்தால் உணவு செரிக்கவில்லை. ஒரு கவளமோ சிறிது நீராகாரமோகூட உள்ளே இறங்கவில்லை. மருத்துவர்கள் கைவிரித்தனர். இது உள்ளத்தில் தோன்றி உடலுக்கு இறங்கிய நோய். உள்ளம் ஆறினாலன்றி மருந்து பயன்படாது என்றனர்.

மக்காவுக்குப் போவதாகச் சொல்லி, மனத்துள் சிரியா நாட்டை எண்ணிக்கொண்டு பக்தாதை விட்டு நீங்குகின்றார்கள். தடுத்துவிடுவார்கள் என்னும் அச்சத்தால் அவ்வாறு செய்ததையும் மறைக்காமல் எழுதுகின்றார்கள். செல்வத்தைப் பகிர்ந்தளித்துவிட்டு, பிள்ளைகளின் உணவுக்கு வேண்டிய அளவே நிறுத்திக்கொள்கின்றார்கள். ஊரார் தத்தம் அறிவுக்கு எட்டியவாறு காரணம் கற்பித்தனர். தொலைவில் இருந்தோர், ஆட்சியாளரோடு ஏதோ மனத்தாங்கல் என்றனர். ஆட்சியாளர் அவர்களைப் போகவிடாது வேண்டி நின்றதைக் கண்டோர், இது இஸ்லாமியச் சமுதாயத்தின்மேல் பட்ட கண்ணேறு என்றனர். உள்ளிருந்த காரணத்தை ஒருவரும் அறிந்திலர்.

திமிஷ்கு நகரில் ஏறத்தாழ ஈராண்டு தங்கி, பள்ளிவாசலின் மினாராவில் ஏறிக் கதவடைத்துத் தனித்திருந்ததும், பைத்துல் முகத்தஸில் நாள்தோறும் பாறைக் குவிமாடத்தினுள் சென்று அவ்வாறே தனித்திருந்ததும், பின்னர் ஹஜ்ஜுக்குச் சென்றதும், பிள்ளைகளின் அழைப்பு மீண்டும் தாயகத்துக்கு இழுத்ததும் நூலில் இடம்பெறுகின்றன. 1106இல் நீஷாப்பூரில் மீண்டும் ஆசிரியப் பணியை ஏற்கின்றார்கள். 1111ஆம் ஆண்டு தூஸ் நகரில் காலமானார்கள். திரும்பி வந்து கற்பித்தது முன்பு கற்பித்தது போன்றதன்று என்பதே அவர்கள் தரும் விளக்கம். அப்போது புகழ் சேர்க்கும் கல்வியைத் தந்தோம். இப்போது புகழைத் துறக்கச் செய்யும் கல்வியைத் தருகின்றோம் என்பது அதன் கருத்து.

சுவைக்கும் முறை

இந்நூலைக் கொண்டு, சமய அனுபவ எழுத்தைச் சுவைப்பதற்குரிய நெறிகள் சிலவற்றை வகுத்துக்கொள்ளலாம்.

முதலாவது, சான்றுரையையும் சட்டவுரையையும் வேறுபடுத்தல். ‘எனக்கு இவ்வாறு நேர்ந்தது’ என்பது சான்று. ‘யாவரும் இவ்வாறே செய்க’ என்பது சட்டம். இமாம் அவர்கள் இஹ்யாவில் விதிகளை விரித்துரைக்கின்றார்கள். முன்கிதுவில் சான்று பகர்கின்றார்கள். மினாராவில் கதவடைத்திருத்தல் மார்க்கக் கடமை என அவர்கள் கூறவில்லை. சான்றைச் சட்டமாகப் படிப்போர் வீணே பின்பற்றுவர், அல்லது வீணே மறுப்பர். இரண்டும் எழுத்தை இழத்தலே.

இரண்டாவது, பருப்பொருளை நோக்குதல். ‘பெருந்துன்பம் அடைந்தேன்’ எனில் அது எவரும் எழுதக்கூடிய தொடர். ‘ஒரு கவளம் இறங்கவில்லை’ எனில் அது பட்டவர் மட்டுமே எழுதக்கூடியது. மெய்யின்கண் தோன்றும் குறிகளால் உள்ளத்து உணர்வு புலப்படுதலைத் தொல்காப்பியர் மெய்ப்பாடு என வகுத்தார். நா அடைத்தமையும் உணவு மறுத்தமையும் இளிவரலும் அச்சமும் மெய்யில் ஏறிய இடங்கள். சமய அனுபவ எழுத்தின் வாய்மையை அளக்க இம்மெய்ப்பாட்டியல் நமக்குப் பெரிதும் துணைசெய்யும்.

மூன்றாவது, எழுதுவோர் தமக்கு எதிராக ஏதேனும் சொல்கின்றாரா எனக் காணுதல். தம் வெற்றிகளை மட்டும் அடுக்குவது புகழுரை. இமாம் தம் கற்பித்தலின் நோக்கத்தையே குற்றக்கூண்டில் நிறுத்துகின்றார்கள். அந்த ஓரிடத்தால் நூல் முழுமைக்கும் நம்பகம் ஏறுகின்றது.

நான்காவது, சொல்லாது விட்ட இடத்தை மதித்தல். தனிமையில் தமக்கு வெளிப்பட்டவற்றை எண்ணவோ அளவிடவோ இயலாது எனக் கூறி, முற்காலக் கவிஞர் ஒருவரின் சொற்களைத் துணைக்கொண்டு இமாம் அமைதியாகின்றார்கள். நடந்த கால்களைக் காட்டுகின்றார்கள். சேர்ந்த இடத்துத் திரையை விலக்கவில்லை. அனைத்தையும் கொட்டிவிடுவதே நேர்மை எனக் கருதுவோர்க்கு இவ்வடக்கம் ஒரு பாடம்.

ஐந்தாவது, ஆராயும் உரிமையைக் கைவிடாதிருத்தல். அன்போடு படித்தல் என்பது கண்மூடிப் படித்தல் அன்று. நிகழ்ச்சிக்கும் எழுத்துக்கும் இடையே பத்தாண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளி உண்டு. நினைவு தானே ஒழுங்கு செய்துகொள்ளும் இயல்பினது. நான்கு கூட்டத்தார் ஒருவர்பின் ஒருவராக வரிசையில் வந்து நிற்பது வாழ்க்கையின் ஒழுங்கன்று, நூலின் ஒழுங்கு. நிழாமுல் முல்க் 1092இல் கொலையுண்டமையால் எழுந்த அரசியல் அச்சமும் வெளியேற்றத்துக்கு ஒரு காரணமாயிருக்கலாம் எனக் கருதிய ஆய்வாளரும் உளர். இவற்றை எண்ணிப் பார்ப்பதால் நூலின் ஒளி மங்குவதில்லை. மனித வாழ்வில் ஒரு செயலுக்கு ஒரே காரணம் இருப்பது அரிது.

எழும் தடையும் விடையும்

இங்குப் பெரியோர் சிலர் ஒரு தடையை எழுப்பக்கூடும். தன் வழிபாட்டைப் பிறர் காணச் செய்தல் முகஸ்துதியாகும். இறைவன் மறைத்த குற்றத்தைத் தானே வெளியிட்டுத் திரிதல் ஆகாது என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். அவ்வாறிருக்க ஆன்மிக அனுபவத்தை எழுதுவது தகுமா என்பது அத்தடை. இது புறக்கணிக்கத்தக்கதன்று. தன் ஐவேளைத் தொழுகைக்கும் சாட்சி தேடும் எழுத்து உண்டு. தன் பிழைகளைப் பெருமையோடு விற்கும் எழுத்தும் உண்டு. இரண்டிலும் உள்ளது ஒரே நோய்.

ஆனால் இமாம் அவர்களின் எழுத்து இவ்விரண்டிலும் சேராது. அவர்கள் தம் பாவங்களைப் பட்டியலிடவில்லை; தம் எண்ணத்தின் திரிபை மட்டும் சுட்டுகின்றார்கள். தம் வணக்கங்களை எண்ணிக் காட்டவில்லை. அதற்கு இட்டுச்சென்ற வழியை மட்டும் கூறுகின்றார்கள். அதுவும் ஒருவர் கேட்டதனால் கூறுகின்றார்கள். எனவே, எழுதலாமா என்பதைவிட, எவர்பொருட்டு எழுதுகின்றோம் என்பதே உரிய வினா. நோயுற்றவன் தன் புண்ணைத் திறந்து காட்டிப் பிச்சை எடுப்பதும் உண்டு. அதே நோயால் வருந்தும் மற்றொருவனிடம் தான் குணமான வழியைச் சொல்வதும் உண்டு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளுதல் பொருந்தாது.

பிறர் எழுத்தும் தமிழ் மரபும்

இத்துறை ஒரு சமயத்தார்க்கு மட்டும் உரியதன்று. இமாம் கஸ்ஸாலிக்கு ஏழு நூற்றாண்டுகளுக்கு முன், இன்றைய அல்ஜீரியா நாட்டுப் பகுதியில் 354இல் பிறந்த புனித அகஸ்டின் இலத்தீன் மொழியில் தம் ‘ஒப்புதல்க’ளை எழுதினார். சிறுவயதில் பசிக்காக அன்றித் திருட்டின் சுவைக்காகவே பேரிக்காய் திருடியதை நெடிது ஆராய்கின்றார். அவர் இறைவனை முன்னிலைப்படுத்திப் பேசுகின்றார். நாம் அருகே நின்று கேட்கின்றோம். இமாமோ ஒரு சகோதரரை முன்னிலைப்படுத்துகின்றார்கள். முன்னது மன்றாட்டின் வடிவம். பின்னது விடையின் வடிவம்.

சென்ற நூற்றாண்டில் முஹம்மத் அஸத் அவர்கள் 1954இல் ‘மக்காவுக்கு ஒரு பாதை’ என்னும் கருத்துடைய ஆங்கில நூலை வெளியிட்டார். யூதக் குடும்பத்தில் பிறந்த அவர், 1926ஆம் ஆண்டு பெர்லின் நகரின் சுரங்க இரயிலில் உடன் பயணம் செய்தோரின் முகங்களை நோக்குகின்றார். நல்லுடையும் நல்லுணவும் உடைய அம்முகங்கள் அனைத்திலும் ஒளிந்திருந்த துயரம் அவரைத் தாக்குகின்றது. இல்லம் திரும்பித் திறந்திருந்த திருக்குர்ஆனை நோக்க, மேன்மேலும் பெருக்கும் பேராசையைப் பற்றிய 102ஆம் அத்தியாயம் கண்ணில் படுகின்றது. இங்கும் பெரிய வாதமில்லை. ஓர் இரயில் பெட்டியும் சில முகங்களுமே உள.

தமிழில் இம்மரபு பெரும்பாலும் செய்யுளாகவே வளர்ந்தது. இறைவனை நேர்நின்று விளித்துத் தன் குறை கூறி இரங்கும் முனாஜாத்துகளை நம் புலவர் பலர் பாடினர். தொண்டியை அடுத்த குணங்குடியில் பிறந்து, சென்னையில் வாழ்ந்து 1838இல் மறைந்த குணங்குடி மஸ்தான் சாகிபு அவர்களின் கண்ணிகளில், ஒரு தனி நெஞ்சின் ஏக்கமும் தாகமும் கேட்கின்றன. அவற்றைச் சித்தாந்த விளக்கமாக மட்டும் பாடம் சொல்லிவிட்டு, பாடியவரின் தாகத்தை விட்டுவிடுகின்றோமோ என்பது எம் ஐயம். உரைநடையில் இத்துறை நம்மிடம் இன்னும் மெலிந்தே உள்ளது. அது வளர வேண்டுமாயின், எழுதுவோர்க்குத் துணிவு வேண்டும். அதனினும் முன்னதாக, படிப்போர்க்குப் பக்குவம் வேண்டும்.

நிறைவுரை

அம்மாணவரின் நோட்டுப் புத்தகத்தை இன்று எண்ணிப் பார்க்கின்றோம். அவர் பாங்கோசை கேட்டு அழுததாக எழுதிய வரியில் ஓர் ஒற்றுப்பிழை இருந்தது. அப்பிழை எமக்கு இன்றும் நினைவில் உள்ளது. அவர் ஏன் அழுதார் என்று யாம் கேட்கவேயில்லை. ‘யாரை அழைக்கின்றேன்?’ என அவர் எழுப்பிய வினாவும், ‘எதனை நம்புவது?’ என இமாம் எழுப்பிய வினாவும் ஒரே வீட்டின் இரு வாயில்கள் என்பதை அன்று அறிந்திருந்தால், அறிவுரைக்கு மாற்றாக முன்கிதுவின் கதையை அவரிடம் கூறியிருப்போம்.

அதன்பின் ஒரு வழக்கத்தை மேற்கொண்டோம். எவரேனும் தம் எழுத்தைக் கொண்டுவந்தால், ‘படிக்கவா, திருத்தவா?’ என முதற்கண் வினவுகின்றோம். ‘படிக்க’ என்றால் சிவப்புப் பேனாவை மேசைக்குள் வைத்து மூடிவிடுகின்றோம். ஆசிரியப் பெருமக்களும் சமுதாயப் பெரியோரும் இச்சிறு வழக்கத்தைக் கைக்கொள்ளலாம் என்பது எம் பணிவான வேண்டுகோள்.

மாணவச் செல்வங்களுக்கு ஒரு சொல். நெஞ்சில் நிகழ்வதை எழுதுங்கள். புகழுக்காக எழுதவில்லை என்பதில் உறுதி வேண்டும். பட்டதை எழுதுங்கள், படாததைக் கூட்டாதீர்கள். சொல்லத் தகாததைச் சொல்லாது விடுங்கள். கேட்கும் ஒருவருக்கேனும் அது பயன்படுமாயின், நாவடைத்து நின்ற அப்பேரறிஞர் பின்னர்ப் பேனா எடுத்ததன் நோக்கம் உங்களிடத்தும் நிறைவேறும்.

நம் எண்ணங்களைத் தூய்மையாக்கி, பிறர் நெஞ்சைப் பொறுமையோடு படிக்கும் பண்பை வல்ல அல்லாஹ் நம் அனைவர்க்கும் அருள்வானாக! ஆமீன்.